காலி மனையின் வரலாறு: கொடைக்கானல் பாதரசமும் 20 என்ற எண்ணும்

மூடப்பட்ட தொழிற்சாலையை நாம் 'காலி இடம்' என்கிறோம். எந்திரம் போயிற்று, ஆட்கள் போனார்கள், கேட்டில் பூட்டுத் தொங்குகிறது, ஆகவே காலி. அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்து எழுதப்படும் மாசு மதிப்பீட்டு அறிக்கையை விஞ்ஞானிகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். என் வாசிப்பில் அதுவும் ஒரு வரலாற்றுப் பிரதிதான். எது சான்று, எது எல்லை, யாரைப் பேசவிடுவது, யாரை விட்டுவிடுவது என்பதையெல்லாம் அதுவும் தீர்மானிக்கிறது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையை முன்வைத்து இதைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனம் அந்த ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. 1987இல் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கவே ஆலை இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. பாதரசம் கடல் கடந்து வந்தது, தெர்மாமீட்டர் கடல் கடந்து போனது, உடைந்தது மட்டும் மலையில் தங்கிவிட்டது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைகண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் உள்ளிட்ட அமைப்புகளும் வெளிக்கொணர்ந்தனர். அந்த மாதமே ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் கழிவு, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இந்த வரலாற்றின் முதல் ஆவணம் எந்த அலுவலகக் கோப்பிலும் அல்ல, ஒரு காயலான் கடையில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது எல்லை. ஆலைக்குப் பின்னால் பாம்பாறு சோலை. அந்த நீர் கும்பக்கரையில் அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். நீர்நிலையின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேரும், மீனைத் தின்பவரிடம் சேரும். மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய்க்கும் மீனில் சேர்ந்த மெத்தில் பாதரசம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஹைதராபாத் விஞ்ஞானிகள் கொடைக்கானல் மரங்களில் ஒட்டியிருந்த பாசிகளைச் சோதித்து, காற்றில் பாதரசம் பரவியதை 2003இல் எழுதினார்கள்; 2006இல் ஏரியின் நீரையும் மீனையும் பற்றி எழுதினார்கள். காம்பவுண்டுச் சுவர்தான் எல்லை என்பது சர்வே எண்ணுக்குத் தெரியும், பாசிக்குத் தெரியாது.

பிரதியின் மையம் ஓர் எண். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் 'சுத்தம்'? முதலில் பேசப்பட்டது 10. அது நெதர்லாந்துக்காரர்கள் வைத்திருந்த அளவு. பிறகு 20 ஆயிற்று. 2018இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் அதை ஏற்றது. வீட்டு மனையில் உலோகப் பாதரசத்துக்கு 2009இல் பிரிட்டன் சொன்ன வழிகாட்டு அளவோ 1. ஒரே உலோகத்துக்கு ஏன் இத்தனை எண்? எண்ணுக்குள் ஒரு கற்பனை மனிதர் குடியிருக்கிறார். அவர் அங்கே வீடு கட்டுவாரா, பகலில் வந்துபோவாரா, கீரை போடுவாரா என்பதை வைத்துக் கணக்கு மாறும். எண்ணைக் குறைத்தால் இன்னும் ஆழமாகத் தோண்டணும், மரங்களை வெட்டணும், சரிவில் மண் அரித்து அதே பாதரசம் சோலைக்குள் போகும் என்ற வாதமும் உண்டு. அது தட்டிக்கழிக்கக்கூடிய வாதமல்ல. ஆனால் தோண்டும் ஆபத்து எது, மிச்சம் விடும் ஆபத்து எது என்று நிறுத்துப் பார்ப்பது அரசியல் தேர்வு. அறிக்கை அதைத் தசமப் புள்ளியின் மொழியில் சொல்வதால் கேள்வி கேட்க வேண்டியவன் வாய்மூடி நிற்கிறான்.

எங்கள் சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சந்நிதியின் புற்றுமண்ணைப் பிரசாதமாகத் தருகிறார்கள். ஜனங்கள் அதை நாக்கில் வைக்கிறார்கள், சொறி சிரங்குக்குப் பூசுகிறார்கள். 'மண்ணை யார் திங்கப் போறா?' என்று எங்க ஊர்ல கேட்க முடியாது. விஞ்ஞானமும் அப்படிக் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை. தெருவில் விளையாடும் குழந்தை கையோடு வாயோடு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் மண்ணை விழுங்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நெடுங்காலம் கணக்கு வைத்திருந்தது. உடம்பும் மண்ணும் தனித்தனி இல்லை என்பதைப் பக்தி ஒரு மொழியில் சொல்கிறது, அபாயக் கணிதம் வேறு மொழியில் சொல்கிறது. இரண்டு மொழியிலும் சேராமல் விடுபட்ட உடம்பு ஒன்று உண்டு: தொழிலாளியின் உடம்பு.

மண் மதிப்பீடு இனி வரப்போகிறவரின் ஆபத்தை அளக்கிறது. ஏற்கெனவே அங்கே பல வருஷம் மூச்சு விட்டவருக்கு அதில் இடமில்லை. அவர்கள் கதை வேறு கோப்பு, வேறு கோர்ட்டு. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016 மார்ச்சில் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. அப்போதும் மனிதாபிமான அடிப்படையில் தருவதாகத்தான் சொன்னது, உடல்நலப் பாதிப்பை ஒப்புக்கொள்ளவில்லை. மண்ணுக்கு ஒரு வரலாறு, உடம்புக்கு ஒரு வரலாறு என்று பிரித்து எழுதியதுதான் இந்தப் பிரதியின் அரசியல் என்பேன்.

இத்தனைக்கும் மதிப்பீட்டு முறையின் முதல் கட்டம் மண்வெட்டி அல்ல. பழைய வரைபடம், கொள்முதல் பதிவேடு, அங்கே வேலை பார்த்தவர்களின் வாய்மொழி ஆகியவற்றைத் திரட்டிய பிறகே எங்கே தோண்டுவது என்று முடிவாகிறது. எந்த மூலையில் கழிவைக் கொட்டினார்கள், எந்தச் சாக்கடை எங்கே போனது என்பது மானேஜரைவிடக் கூட்டிப்பெருக்கியவருக்கு நன்றாகத் தெரியும். வாய்மொழி வரலாறு என்று நாம் கருத்தரங்குகளில் பேசுவது அங்கே விதியாகவே இருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் நான்கு வரிப் பின்னிணைப்பாகச் சுருங்கிவிடுகிறது. அதை முதல் அத்தியாயமாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும், அதுவும் தமிழில்.

கொடைக்கானலுக்கு மட்டுமான பேச்சல்ல இது. எங்கள் பக்கம் மூடிக்கிடக்கும் ஆலையும் பட்டறையும் மனைப்பிரிவாகி விலைக்கு வரும்போது, தரகர் 'சுத்தமான இடம் சார்' என்பார். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வாங்கிப் பார்க்கிறோம். அங்கே முன்பு என்ன வேலை நடந்தது, யார் செய்தார்கள் என்றும் கேட்டு எழுதிவைக்கத் தொடங்கலாம்.