கத்திரி வந்த வழி

மே முதல் வாரம், ஆம்பூர். ஆவாரம்பட்டைச் சாற்றில் பழைய முறைப்படி பதமான தோல்கள் கூரைக்கடியில் வரிசையாகத் தொங்குகின்றன. வெளியே இவ்வளவு வெயில் வீணாகிறதே என்று கேட்டால் மேஸ்திரி சிரிப்பார்: "கத்திரி வெயில்ல போட்டா தோலு அப்பளமாயிடும்." தோலையே நிழலுக்குத் துரத்தும் இந்தக் கத்திரி, நம்மிடம் வந்து சேர்வதற்குள் பல ஊர் சுற்றியிருக்கிறது.

பஞ்சாங்கத்தில் அக்னி நட்சத்திரம் என்ற பெயரில் அதற்குத் தெளிவான விலாசம் உண்டு. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தைத் தாண்டும் வரை. ஏறக்குறைய சித்திரை 21 முதல் வைகாசி 14 வரை. நடுவிலிருக்கும் கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. நட்சத்திரங்கள் இந்த மண்ணின் பழைய சரக்கு; சித்திரையையும் வைகாசியையும் அளக்கும் பன்னிரு ராசிதான் இறக்குமதி. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனியர் வானத்தின் பாதையைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டினார்கள். கிரேக்கர் அதை நகலெடுத்தார்கள். பருவக்காற்றைப் பிடித்து யவனக் கப்பல்கள் மிளகுக்கு வந்துபோன காலத்தில் ராசிகளும் கரையேறின. ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் மேஷத்துக்குக் 'க்ரிய' என்றும் பெயர் தருகிறார். கிரேக்கத்தில் ஆட்டுக்கடா 'க்ரியோஸ்'. சுக்கிர ஓரை பார்த்துக் கடை திறக்கும் நம் வியாபாரி உச்சரிக்கும் 'ஓரை'யும் கிரேக்கச் சொல்தான்!

வந்த சரக்கில் ஒரு சின்னப் பிசகு இருந்தது. நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் வாக்கியப் பஞ்சாங்க ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சுமார் 24 நிமிடம் நீளம். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டு ஒரு சுற்று முடிந்தால் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். ஆரியபட்டர் காலத்தில், சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன், சித்திரை முதல் நாளும் பகலிரவு சமமாகும் நாளும் ஒட்டியே வந்தன. இன்று நடுவே ஏறக்குறைய 24 நாள். இதே விதியை அன்று போட்டிருந்தால் கத்திரி ஏப்ரல் 10ஐ ஒட்டிப் பிறந்திருக்கும். இன்னும் மூவாயிரம் ஆண்டு போனால் ஜூன் பிற்பாதியில், தென்மேற்குப் பருவமழைக்கு நடுவே பிறக்கும். அக்னி நட்சத்திரத்தில் குடை பிடிக்க வேண்டியதுதான்.

அது கிடக்கட்டும், வெயில் ஏன் மேயில் இப்படி? ஆம்பூருக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்பது ஏப்ரல் 24ஐ ஒட்டி. நட்ட கம்பத்துக்கு அன்று நண்பகலில் நிழலே விழாது. ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மறுபடியும் அப்படித்தான். ஆனால் ஆகஸ்டில் யாரும் கத்திரி என்று அலறுவதில்லை. சூரியன் கிட்டே வருவதாலா என்றால், கணக்கு தலைகீழாக இருக்கிறது: பூமி சூரியனை மிக நெருங்குவது ஜனவரித் தொடக்கத்தில், 14.7 கோடி கி.மீ. தூரத்தில். ஏலகிரியில் கம்பளி போர்த்தும் நாட்கள் அவை. ஜூலையில் தூரம் 15.2 கோடி.

மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. சித்திரை முழுக்கச் சூடேறிய தரைமேல், மைசூர் பீடபூமியிலிருந்து இறங்கும் வறண்ட மேற்குக் காற்று படிகிறது. சென்னைக்கு மதியமே வந்துவிடும் கடற்காற்று வேலூருக்கு வந்தால் அதிர்ஷ்டம். ஆகஸ்டில் மேகமும் மாலை மழையும் அதே சூரியனை அடக்கிவிடுகின்றன.

இந்தக் காற்றுக் கணக்கும் கப்பலில் வந்ததுதான். 1686ல் எட்மண்ட் ஹாலி, மாலுமிகளிடம் விசாரித்து உலகக் காற்றுகளுக்கு வரைபடம் போட்டார். நிலம் கடலைவிட அதிகம் சூடாவதால் பருவக்காற்று திரும்புகிறது என்றார். 1735ல் ஜார்ஜ் ஹாட்லி என்ற லண்டன் வக்கீல், சூடான காற்று மேலேற, அந்த இடத்தை நிரப்ப வரும் காற்றைப் பூமியின் சுழற்சி வளைக்கிறது என்று எழுதினார். யாரும் கவனிக்கவில்லை. 1793ல் ஜான் டால்டன் அதையே தாமாகக் கண்டுபிடித்து, பிறகுதான் ஹாட்லி முந்திக்கொண்டதை அறிந்து ஒப்புக்கொண்டார்.

1876ல் அந்தப் பருவக்காற்று ஏமாற்றியது. தாது வருஷப் பஞ்சம். வயல் காய்ந்து மாடுகள் மடிய, மதராஸ் துறைமுகத்தில் தோல் ஏற்றுமதி எகிறியது. தோல் வணிகம் தலையெடுத்த கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுகிறார்கள். பஞ்சங்களுக்குப் பின் மழையை முன்கூட்டிச் சொல்ல ஆள் தேடியது அரசு. 1904ல் வானிலைத் துறைத் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கணிதக்காரர், பூமராங் எறிவதில் பித்தர். ஊர் ஊராக அழுத்தக் கணக்குகளைக் கூட்டிப் பார்த்ததில், பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் ஊஞ்சல் ஒன்று அகப்பட்டது. பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவும் அந்த ஊஞ்சலும் ஒரே ஆட்டத்தின் இரு முகங்கள் என்பது அவர் காலத்துக்குப் பிறகே தெரிந்தது. பெருவின் கடல் சூடானதற்கும் வட ஆற்காட்டு மாடு செத்ததற்கும் உறவு உண்டு.

வெயில் கணக்குக்கும் ஒரு விபத்து உதவியது, 1914ல். தேனிலவுக்குப் போன செர்பிய எஞ்சினியர் மிலுட்டின் மிலங்கோவிச்சை, உலகப்போர் வெடித்ததும் ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு பிடித்துப்போட்டது. பிறகு புடாபெஸ்ட் நூலகத்தில் உட்கார அனுமதி கிடைக்க, அச்சின் தலையாட்டமும் சாய்வும் சுற்றுப்பாதையும் பல்லாயிரம் ஆண்டுகளில் வெயிலை எப்படிக் கூட்டிக் குறைக்கும் என்று கணக்குப் போட்டார். நம் பஞ்சாங்கத்தை நகர்த்தும் அதே தலையாட்டம். 1981ல் ஜான் குட்ஸ்பாக் அதைக் கணினிக்குக் கொடுத்து, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் கோடையில் சூரியன் நெருங்கி நின்றதால் ஆசியப் பருவமழை இன்றைவிட வலுத்திருந்தது என்று காட்டினார்.

கத்திரி நாளொன்றில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் எட்டிப் பாருங்கள். ஐரோப்பாவின் அடுத்த குளிர்காலத்துக்கான ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி அனலைக் கிளற, நெற்றி வியர்வையைத் துப்பட்டாவில் ஒற்றியபடி ஒரு பெண் முழங்கால் உயர பூட்ஸுக்குள் ரோமத்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார்.