ஒரு பொய், நாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்

புதருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மடியில் குரான். உதடுகள் ஓதிக்கொண்டிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு, ‘ஆகா, எப்பேர்ப்பட்ட பக்திமான்’ என்றுதான் தோன்றும். கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். குரானின் ஏட்டுக்கு மேலே ஒரு துண்டுத் தாள். அதில் பென்சிலால் அவசர அவசரமாக எழுதுகிறார். எழுதுவது அரபி இல்லை, பிரெஞ்சு!

யாராவது பார்த்துவிட்டால் அன்றோடு கதை முடிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய ஒன்றரை வருடம் அந்த மனிதர் இப்படித்தான் எழுதினார். பெயர் ரெனே கய்யே. ஆப்பிரிக்காவில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் அப்துல்லாஹி.

‘நீ டிம்பக்டூவுக்கே போனாலும் விடமாட்டேன்’ என்று வெள்ளைக்காரர்கள் விளையாட்டாகச் சொல்வார்கள். அப்படி ஒரு ஊரே கிடையாது, சும்மா சத்தத்துக்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இருக்கிறது. இன்றைய மாலி நாட்டில், சஹாரா தொடங்கும் விளிம்பில், நைஜர் நதிக்குக் கொஞ்சம் வடக்கே.

ஐரோப்பாவுக்கு அந்த ஊர்மேல் பித்துப் பிடித்ததற்குக் காரணம் ஒரு ராஜா. மாலியின் மன்சா மூசா 1324ல் மெக்கா போகிற வழியில் கெய்ரோவில் தங்கினார். தங்கத்தை வாரி இறைத்தார். எவ்வளவு என்றால், அங்கே தங்கத்தின் விலையே சரிந்துபோனது. அந்தச் செய்தி கடல் தாண்டியது. 1375ல் வரைந்த கட்டலான் வரைபடத்தில், கையில் தங்க உருண்டையோடு அவரை உட்கார வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த நானூறு வருடங்களுக்கு ஐரோப்பியர் மனத்தில் டிம்பக்டூவின் கூரையெல்லாம் தங்கம்.

ஆனால் போய்ப் பார்த்தவர் யார்? போனவர்கள் திரும்பவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க், 1805ல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர்களோடு தன் இரண்டாவது பயணத்தைத் தொடங்கினார். காய்ச்சலும் சண்டையும் எல்லோரையும் தின்றன. அந்த ஐரோப்பியர்களில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை, பார்க் உள்பட.

இந்த நிலைமையில்தான், 1824ல், பாரிஸ் புவியியல் சங்கம் ஒரு பரிசை அறிவித்தது. டிம்பக்டூ போய், உயிரோடு திரும்பி வந்து, பார்த்ததை விவரமாகச் சொல்பவருக்குச் சுமார் 10,000 பிராங்க். பரிசே ‘உயிரோடு திரும்பி’ என்ற இரண்டு வார்த்தைகளுக்குத்தான்.

கய்யே யார் என்று கேட்டால், சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாதவர். 1799ல் பிரான்ஸின் மேற்கே மோசே என்கிற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர், திருட்டு வழக்கில் 12 வருட தண்டனை பெற்று, சிறையிலேயே 1808ல் செத்துப்போனார். மூன்று வருடத்தில் அம்மாவும் போய்விட்டார். பாட்டி வளர்த்தார். செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். பையன் ‘ராபின்ஸன் குரூஸோ’ படித்துவிட்டு, ஆப்பிரிக்க வரைபடத்தில் ‘விவரம் தெரியாத பகுதி’ என்று வெள்ளையாக விட்டிருந்த இடத்தையே வெறித்துக்கொண்டிருந்தான். 1816ல், பதினாறு வயதில், கையில் அறுபது பிராங்க்கோடு செனகலுக்குக் கப்பல் ஏறினான்.

முதல் இரண்டு தடவையும் சரிப்படவில்லை. காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பினார். போர்தோவில் ஒரு ஒயின் வியாபாரியிடம் வேலை பார்த்தார். 1824ல் மறுபடியும் செனகல். இந்தத் தடவை ஒரு விஷயம் புரிந்திருந்தது. படையோடு போனால் பயப்படுவார்கள், அடிப்பார்கள். தனியாகப் போக வேண்டும். வெள்ளைக்காரனாகப் போகக் கூடாது.

செனகல் நதிக்கு வடக்கே பிராக்னா மூர்கள் என்ற மக்களிடம் போனார். ‘இஸ்லாத்தில் சேர விரும்புகிறேன், கற்றுக்கொடுங்கள்’ என்றார். பல மாதங்கள் அவர்கள் கூடாரத்தில் பால் குடித்து, பசி கிடந்து, அரபியும் தொழுகையும் படித்தார். திரும்பி வந்து பிரெஞ்சு அதிகாரிகளிடம் பயணத்துக்குப் பண உதவி கேட்டார். ம்ஹூம். செருப்புத் தைக்கப் போன பையனுக்கு யார் கொடுப்பார்கள்? பிரிட்டிஷ் வசமிருந்த சியரா லியோன் போய், அவுரிச் சாயத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து 2,000 பிராங்க் சேர்த்தார். உயிர் போனாலும் பரிசு அக்கா செலஸ்துக்குப் போய்ச் சேரும் என்று மனசுக்குள் ஒரு ஏற்பாடு.

நான் பி.காம். படித்தவன். சரித்திரப் புத்தகத்திலும் முதலில் கணக்கைத்தான் தேடுவேன். இந்த 2,000 பிராங்க்கை அவர் செலவழித்த விதம் இருக்கிறதே, அது பிரமாதம். பெரும்பகுதியைச் சரக்காக மாற்றிவிட்டார். புகையிலை, கண்ணாடி மணி, பவளம், அம்பர், பட்டுக் கைக்குட்டை, கத்திரிக்கோல், முகம் பார்க்கும் கண்ணாடி, கிராம்பு, ‘கினி’ என்கிற நீலத் துணி மூன்று. எல்லாம் வழியில் சோறாகவும் வரியாகவும் மாறக்கூடியவை. மீதிப் பணம் பாதி தங்கமாக, பாதி வெள்ளியாக இடுப்புக் கச்சைக்குள் போனது. கூடவே இரண்டு சின்னத் திசைகாட்டிகள். அப்புறம், ஒரு குடை!

அந்த நீலத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சு வியாபாரிகள் செனகலுக்குக் கொண்டுபோன இந்த ரகத்துக்குப் பிறந்த வீடு நம் புதுச்சேரி. நெய்து, அவுரியில் தோய்த்து, கப்பலில் ஏற்றிவிட்டால், அங்கே பிசின் வியாபாரத்தில் ரூபாய் நோட்டு மாதிரி கைமாறும். கய்யே தன் துணியை சியரா லியோனில் வாங்கினார். அது நம் பக்கத்துத் தறியில் நெய்ததுதான் என்று சத்தியம் பண்ண என்னிடம் சான்று கிடையாது. ஆனாலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

சரக்கு தயார். இனி முக்கியமான முதலீடு, பொய்.

அதை ரொம்ப யோசித்துச் செய்திருந்தார். ‘நான் எகிப்தில் அரபுப் பெற்றோருக்குப் பிறந்தவன். நெப்போலியன் படையெடுத்து வந்தபோது குழந்தையாக இருந்த என்னைப் பிரான்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எஜமான் என்னைச் செனகலுக்கு அழைத்துவந்து விடுதலை செய்தார். என் ஊருக்கு, என் மார்க்கத்துக்குத் திரும்பிப்போகிறேன்.’ எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். நெப்போலியன் எகிப்துக்கு வந்தது 1798ல். இவர் வயதுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அரபி தடுமாறினாலும் கேள்வி வராது. கிழக்குப் பக்கம் நடப்பதற்கும் காரணம் ரெடி. எல்லாவற்றுக்கும் மேலே, கேட்பவர் மனசு இளகிவிடும்.

1827 ஏப்ரல் 19. இன்றைய கினி நாட்டின் கடலோரத்திலிருந்து, சின்ன வியாபாரக் கூட்டம் ஒன்றோடு நடக்க ஆரம்பித்தார். மலை, ஆறு, மழை. ஜூனில் குருஸா என்ற ஊரில் நைஜரைக் கடந்தார். கான்கானில் ஒரு மாதம் காத்திருந்து, வேறு கூட்டத்தோடு தொடர்ந்தார். ஆகஸ்டில் இன்றைய ஐவரி கோஸ்ட்டில் இருக்கும் தியேமே என்ற கிராமத்துக்கு வந்தபோது காலில் பெரிய புண். ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

புண் ஆறுவதற்குள் ஸ்கர்வி வந்தது. காய்கறி, பழம் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் வருகிற நோய். மேல் அண்ணத்தின் தோல் உரிந்து, எலும்புத் துண்டுகள் கழன்று விழுந்தன. பல்லெல்லாம் ஆட்டம் கண்டது. செத்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டு ஈரத் தரையில் கிடந்தார்.

அவரைப் பிழைக்க வைத்தது ஒரு கிழவி. தங்கியிருந்த வீட்டுக்காரரின் தாயார். தினமும் சோறு வடித்த கஞ்சியைக் கொண்டுவந்து, வேண்டாம் என்றாலும் விடாமல் குடிக்க வைத்தார். நாட்டு மருந்து காய்ச்சிக் கொடுத்தார். ஊர் பேர் தெரியாத ஒருவனுக்கு, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல. தியேமேயில் அவர் கிடந்தது ஐந்து மாதங்கள். 1828 ஜனவரியில்தான் எழுந்து நடந்தார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் வரும். அந்தக் கிழவி காப்பாற்றியது யாரை? அநாதையாகி, தன் ஊர் தேடிப்போகும் முஸ்லிம் பிள்ளை அப்துல்லாஹியை. அப்படி ஒருவர் கிடையாது. உண்மை தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருப்பாரோ என்னவோ, அதைச் சொல்ல நம்மால் முடியாது. கய்யேயின் தைரியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால் மங்கோ பார்க்கின் துப்பாக்கிகள் செய்ய முடியாததை இவர் செய்தது தைரியத்தால் மட்டும் இல்லை. வழியெல்லாம் ஏழை மனிதர்கள் ஒரு பொய்யை நம்பி ஊற்றிய கஞ்சி அது. அவர் தன் புத்தகத்தில் அந்தக் கிழவியின் அன்பை நன்றியோடு எழுதினார். அந்த மட்டும் நேர்மை.

மார்ச்சில் ஜென்னே நகரம். அங்கே ஒரு பெரிய மனிதர் டிம்பக்டூ படகில் இடம் பிடித்துக்கொடுத்தார். வழியெல்லாம் ஊர் ஜனங்கள் திறந்து மூடிக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்த்த குடை, இங்கே அன்பளிப்பாகக் கைமாறியது. நைஜரில் ஒரு மாதப் படகுப் பயணம். துவாரெக் கொள்ளையர் தெரிந்தால் இவரைப் படகின் அடியில் ஒளித்துவிடுவார்கள்.

1828 ஏப்ரல் 20, சூரியன் மறைகிற நேரம். டிம்பக்டூ.

தங்கக் கூரை எங்கே? மண் வீடுகள். நாலு பக்கமும் வெளிறிய மஞ்சள் மணல். பறவைச் சத்தம்கூட இல்லாத அமைதி. ஜனத்தொகை பத்துப் பன்னிரண்டாயிரம் இருக்கும் என்று கணக்குப் போட்டார். உப்பு வருகிறது, கிழக்கே மேற்கே போகிறது, அதுதான் ஊரின் பிழைப்பு. ஏமாற்றத்தை மறைக்காமல் எழுதினார். பரிசுக்காகப் போனவர் நாலு தங்கத் தூணைச் சேர்த்து அளந்துவிட்டிருக்கலாம். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அளக்கவில்லை. ஒரு வருடமாகப் பொய்யிலேயே வாழ்ந்தவர், பேனாவில் மட்டும் பொய்யை அனுமதிக்கவில்லை.

அவர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு. பிரிட்டிஷ் மேஜர் அலெக்சாண்டர் கார்டன் லெயிங் தங்கிய வீடு. திரிப்போலியிலிருந்து சஹாராவைக் கடந்து, வேஷம் எதுவும் போடாமல், கிறிஸ்தவராகவே வந்தவர். வழியிலேயே துவாரெக்குகள் வெட்டிக் குற்றுயிராக்கியும் விடாமல் வந்து, 1826 ஆகஸ்டில் ஊருக்குள் நுழைந்தார். செப்டம்பரில் கிளம்பினார். ஊருக்கு வெளியே பாலைவனத்தில் கொன்றுவிட்டார்கள். அவருடைய குறிப்பேடுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. மெய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீடே சாட்சியாக நின்றது. கய்யே தன் தாள்களை இன்னும் பத்திரமாக ஒளித்திருப்பார்.

அவருக்கு இடம் கொடுத்த வியாபாரியின் பெயரும் அப்துல்லாஹிதான்! சீதி அப்துல்லாஹி. ‘இங்கேயே இருந்துவிடு, சரக்குத் தருகிறேன், வியாபாரம் பண்ணு’ என்றுகூடச் சொன்னார். இவருக்குத் தங்க நேரமில்லை. இரண்டே வாரம். மே 4ஆம் தேதி வடக்கே போகும் ஒட்டகக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

வந்த வழியே திரும்பலாமே? அங்கேதான் ஆள் கெட்டி. செனகலில் போய் இறங்கினால், ‘நீ உள்ளே போகவே இல்லை, கடலோரத்தில் சுற்றிவிட்டுக் கதை விடுகிறாய்’ என்பார்கள். சஹாராவைக் கடந்து மறுபக்கம் மொராக்கோவில் எழுந்து நின்றால் யாரும் வாய் திறக்க முடியாது. இது அவர் போட்ட கணக்கு.

அரவானில் கூட்டம் பெருத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள். முதுகில் தங்கம், தந்தம், பிசின், தீக்கோழி இறகு. கூடவே விற்பனைக்கு அடிமைகள், அதில் குழந்தைகளும் உண்டு. கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே பல நாள் தூரம். கோடை. தாகத்தில் அந்தக் குழந்தைகள் அழுததை அவர் எழுதியிருக்கிறார். வறண்ட கிணறுகள், மணல் சுழல். தண்ணீருக்குக் கெஞ்சிய இவரைக் கூட வந்தவர்கள் மூக்கைப் பார்த்துக் கேலி செய்தார்கள், ‘கிறிஸ்தவன் மாதிரி இருக்கிறான்’ என்று. விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்திருந்தவரின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும்?

ஜூலையில் தஃபிலால்த் பாலைச்சோலை, ஆகஸ்டில் ஃபெஸ், செப்டம்பர் 7ஆம் தேதி டாஞ்சியர். கந்தல் உடையில், பிச்சைக்காரர் கோலத்தில் பிரெஞ்சுத் தூதரகக் கதவைத் தட்டினார். அங்கிருந்த தெலபோர்த், ஆளை ஒளித்துவைத்து, மாலுமி வேஷம் போட்டுக் கப்பலேற்றினார். கடைசி வேஷமும் அதுதான். சுமார் 4,500 கிலோமீட்டர், பதினேழு மாதம்.

பாரிஸில் ராஜ மரியாதை. பரிசு கிடைத்தது, பதக்கம் கிடைத்தது. 1830ல் மூன்று தொகுதிகளாகப் புத்தகம் வந்தது. ஆனால் லண்டன்? அங்கே பொறுக்க முடியவில்லை. தங்கள் மேஜர் உயிர்விட்ட இடத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரன், அதுவும் படிக்காதவன், சொந்தக் காசில் போய்த் திரும்பினானா? லெயிங்கின் தாள்களைத் திரிப்போலியின் பிரெஞ்சுத் தூதர் அமுக்கிவிட்டார் என்று ஏற்கெனவே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில், கய்யே டிம்பக்டூவைப் பார்த்ததே சந்தேகம் என்று எழுதினார்கள். எந்தப் பேச்சு வரக்கூடாது என்று சஹாராவைக் கடந்தாரோ, அதே பேச்சு.

மறுபடி ஆப்பிரிக்கா போக ஆசைப்பட்டார். உடம்பு விடவில்லை. கிராமத்தில் கொஞ்சம் நிலம், மனைவி, குழந்தைகள், சின்ன ஊர் ஒன்றில் மேயர் பதவி. 1838 மே மாதம், 38 வயதில் இறந்துபோனார்.

பிற்காலக் கதை எல்லோருக்கும் இனிப்பாக இல்லை. 1894ல் பிரெஞ்சுப் படை டிம்பக்டூவைப் பிடித்தது. அப்துல்லாஹிக்குக் கஞ்சி ஊற்றிய கிராமங்களும் சீக்கிரமே பிரெஞ்சு ஆட்சிக்குள் போயின. விடுதலை 1958லும் 1960லும்தான். 2012ல் ஆயுதக் குழுக்கள் டிம்பக்டூவைக் கைப்பற்றி, பழைய ஞானிகளின் சமாதிகளை இடித்தன. ஊர்க்காரர்கள் பழைய ஓலை, மன்னிக்கவும், பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டி பெட்டியாக ரகசியமாகக் கடத்திக் காப்பாற்றினார்கள். காகிதத்தை ஒளித்துவைக்கிற கலை அந்த ஊருக்குப் புதிதில்லை.

லண்டன்காரர்களின் சந்தேகம் என்ன ஆயிற்று? ஹைன்ரிஷ் பார்த் என்ற ஜெர்மானியர், பிரிட்டிஷ் அரசின் பயணக் குழுவில் போனவர், 1853 செப்டம்பரில் டிம்பக்டூவை அடைந்தார். மாதக்கணக்கில் தங்கி ஊரை அலசினார். கய்யே பார்த்தது உண்மை, எழுதியது சரி என்று சொன்னார். புதருக்குப் பின்னால் பென்சிலால் கிறுக்கியவர் கண்மூடி அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது.