பதிலாளுக்கு விலை பிறந்த கதை

2022 நவம்பர் 15ஆம் திகதி ஐ.பி.எல். கிரிக்கெட் அணியான சென்னை சுப்பர் கிங்ஸ், தான் விடுவிக்கும் வீரர்களின் பட்டியலை வெளியிட்டது. கோயம்புத்தூர்க்காரரான நாராயண் ஜெகதீசனின் பெயரும் அதில் இருந்தது. 2018இல் 20 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுக்கப்பட்டவர். ஐந்து பருவகாலம் அந்த அணியோடு இருந்தும் ஆடக் கிடைத்தது ஏழே ஏழு ஆட்டங்கள். விடுவிக்கப்பட்ட ஆறாம் நாள் பெங்களூரில் நடந்த விஜய் ஹசாரே கிண்ணப் போட்டியில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் அடித்தார். ஒருநாள் வகை ஆட்டங்களில் அதுவரை உலகில் எவரும் எடுக்காத தனியாள் ஓட்டம் அது. தொடர்ந்து ஐந்தாவது சதமும்கூட. அடுத்த மாத ஏலத்தில் கொல்கத்தா 90 இலட்சத்துக்கு அவரை எடுத்தது.

சென்னைக்கு ஆள் அருமை தெரியவில்லை என்று அன்று பலர் குறைபட்டார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜெகதீசன் விக்கெட் காப்பாளர். அந்த இடத்தில் நின்றவர் தோனி. ஜெகதீசன் களமிறங்கிய ஏழு ஆட்டங்களிலும் கையுறை தோனியின் கையில்தான் இருந்தது. ஓர் அணியில் ஒருவருக்கு மட்டுமே இடமுள்ள வேலைக்கு இரண்டாம் ஆளாக இருப்பவனின் தலைவிதி இது. முதலாம் ஆள் நன்றாக இருக்கும்வரை அவன் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவனின் திறமையை யாரும் பார்க்க முடியாது. பார்க்க முடியாததற்கு விலை ஏறாது. ஆனாலும் அவன் இல்லாமல் அணி இருக்க முடியாது.

இந்தச் சிக்கலை வியாபாரமாகவே மாற்றி வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய கால்பந்தாட்டத்தில் குவாட்டர்பேக் என்றொரு இடம் உண்டு. ஒவ்வொரு தாக்குதலும் அவன் கையிலிருந்துதான் தொடங்கும். அந்த இடத்துக்கும் ஒருவன்தான். அவனுக்குப் பின்னால் பதிலாள் ஒருவன் பருவகாலம் முழுக்க ஓரத்தில் நிற்பான். நியூ இங்கிலாந்து அணி 2014இல் ஜிம்மி கரோப்பலோ என்ற இளைஞனைத் தெரிவு செய்தது. முன்னால் நின்றவர் டொம் பிரேடி. மூன்று வருடம் காத்திருந்தும் பிரேடி ஓய்வு பெறுவதாக இல்லை. நாற்பது வயதிலும் வென்றுகொண்டிருந்தார். கரோப்பலோவின் ஒப்பந்தம் இன்னும் சில மாதங்களில் முடிய இருந்தது. முடிந்துவிட்டால் அவன் சுதந்திர மனிதன், அணிக்குக் கைக்கு வருவது கொஞ்சம்தான். 2017 ஒக்டோபர் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அவனைக் கொடுத்து, அடுத்த வருடத்துப் புதுமுக வீரர் தெரிவில் இரண்டாம் சுற்று உரிமை ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். போன இடத்தில் நான்கே மாதத்தில் ஐந்து வருடத்துக்கு 13.75 கோடி டொலருக்கு அவன் கையொப்பமிட்டான்.

அந்த ஒக்டோபரில் கைமாறியது ஆட்டக்காரன் மீதான உரிமை எழுதப்பட்ட காகிதம். அது செல்லுபடியாகும் மாதங்கள் குறையக் குறைய விலை இறங்கும். பதிலாளை வைத்திருக்கும் அணியின் கணக்கெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான். முதலாம் ஆளுக்கு எப்போது அடிபடும் என்று தெரியாது. ஆகவே விற்க மனம் வராது. அடிபடாமலே போனால் காகிதம் கையிலேயே செத்துவிடும்.

இப்படியொரு காகிதம் உதைபந்தாட்டத்தில் எங்கே பிறந்தது என்று கேட்டால் வரலாறு இங்கிலாந்தைக் காட்டும். அங்கே 1885இல் உதைபந்தாட்டத்தைத் தொழிலாக ஆட அனுமதித்தார்கள். 1893இல் லீக் ஒரு விதி போட்டது: ஒரு கழகத்தில் பதிந்த ஆட்டக்காரன், அந்தக் கழகம் சம்மதிக்காமல் இன்னொன்றில் பதிய முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் முடியாது. சம்பளம் நின்றாலும் பதிவு கழகத்திடமே இருக்கும். சம்மதத்துக்கு விலை வைத்தார்கள். 1905இல் அல்ஃப் கொமன் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்குப் போனபோது அந்த விலை ஆயிரம் பவுணைத் தொட்டது. இந்தக் கட்டை ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் 1963இல் நீதிமன்றத்தில் தளர்த்தினார். ஒப்பந்தம் முடிந்தவன் மாற்றுக் கட்டணம் இல்லாமல் வேறு கழகத்துக்குப் போகலாம் என்று 1995 டிசம்பரில் பொஸ்மன் வழக்குத் தீர்ப்பு சொன்ன பிறகுதான் அது ஐரோப்பாவில் அறுந்தது.

இலங்கை மலையகத்துப் பசறையில் இருந்துகொண்டு இந்த வரலாற்றைப் படிக்கிறவனுக்கு அது புதிதாகப் படாது. இங்கிலாந்து லீக் அந்த விதியை எழுதிய அதே காலத்தில் நம் மலைகளிலும் அப்படியொரு காகிதம் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. துண்டு என்று அதற்குப் பெயர்.

தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே கடன் தொடங்கிவிடும். வழிச் செலவு, சாப்பாடு, உடுதுணி என்று ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்ததெல்லாம் ஆளின் பேரில் ஏறும். வந்த பிறகு கலியாணம், சாவு, திருவிழா என்று இன்னும் ஏறும். ஆள் கங்காணிக்குக் கடன், கங்காணி தோட்டத் துரைக்குக் கடன். முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டு வெளியேறுவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குப் போகும் குற்றம். இந்த நிலையில் ஒரு கங்காணி தன் ஆட்களோடு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரையிடம் துண்டு கேட்பார். இன்ன தொகைக் கடனை இன்ன நாளுக்குள் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். ஆள் தேவைப்படும் தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கட்டி எடுத்துக்கொள்வார். கடன் அழியாது, புதிய தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் மறுபடி அதே ஆட்களின் பேரில் எழுதப்படும்.

தேயிலைக்கு ஆள் தட்டுப்பாடு கூடக் கூடத் துண்டின் தொகையும் கூடியது. ஆட்களைக் காட்டிக் காட்டி அதிக முற்பணம் கேட்கக் கங்காணிகள் பழகினார்கள். அடுத்த தோட்டத்து ஆட்களை இழுக்கிறார்கள் என்று துரைமார் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டினார்கள். 1908இல் இதையெல்லாம் விசாரிக்க ஓர் ஆணைக்குழுவே அமர்த்தப்பட்டது. ஏறிய தொகையில் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சதம் போகவில்லை. அவள் சம்மதத்தை எவரும் கேட்கவும் இல்லை. காலையில் எந்த மலையில் கூடையோடு நிற்பது என்பதை அவள் பார்த்திராத, பார்த்தாலும் வாசிக்க முடியாத ஒரு துண்டு தீர்மானித்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த முறையை ஒழித்தது. இங்கிலாந்து ஆட்டக்காரனுக்கு அதற்குப் பிறகும் நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

கோடி ரூபா வாங்கும் ஆட்டக்காரனையும் லயத்தில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆட்டக்காரனுக்குச் சிறை இல்லை, தலைமுறைக் கடனும் இல்லை. ஆனால் பொறி ஒன்றுதான்: உழைப்பவன் ஒருவன், அவனை விடுவிக்கும் உரிமை இன்னொருவனிடம், அந்த உரிமைக்கு மூன்றாமவன் தரும் விலை. அந்த விலையில் உழைப்பவனுக்குப் பங்கு உண்டா, அவன் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லலாமா என்ற இரண்டு கேள்விகளையும் எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை நமக்கு வேறெவரையும் விட அதிகம்.

இந்தியக் கிரிக்கெட்டுக்கு அந்தக் காகிதம் ஐ.பி.எல். வழியாக வந்தது. முதல் ஏலம் 2008 பெப்ரவரியில். அடுத்த வருடமே அணிகள் தமக்குள் ஆள் மாற்றிக்கொள்ள வழி திறந்தார்கள். சஹீர் கான் மும்பைக்கு, ரொபின் உத்தப்பா பெங்களூருக்கு. ஆஷிஷ் நெஹ்ரா டெல்லிக்கு, ஷிகர் தவான் மும்பைக்கு. வீரரின் சம்மதம் வேண்டும் என்பது விதி, அது பெரிய விஷயம். ஆனால் வீரன் தானாகப் போய்ப் பேசக் கூடாது. 2010இல் இருபத்தொரு வயது ரவீந்திர ஜடேஜா, ராஜஸ்தானோடு புதிய ஒப்பந்தம் செய்யாமல் வேறு அணியோடு நேரடியாகப் பேசினார் என்று ஒரு பருவகாலம் முழுக்கத் தடை செய்யப்பட்டார். பிற்பாடு சென்னையின் தூணான அதே ஜடேஜாவைத்தான் 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனைச் சென்னை வாங்கியது. சாம்சன் விக்கெட் காப்பாளர், விலை 18 கோடி. தோனிக்கு அப்போது வயது 44. இரண்டாம் ஆளுக்கு ஆட்டம் கொடுத்து வளர்க்காத அணி, கடைசியில் வளர்ந்த ஆளை இந்த விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பதிலாள் கணக்கில் சென்னை கெட்டி என்பதையும் சொல்ல வேண்டும். காயமடைந்தவருக்குப் பதில் ஆள் எடுக்கலாம், ஆனால் போனவரின் சம்பளத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. மலிவாக நல்ல ஆளைப் பிடிக்கும் வாசல் அது. 2022இல் அடம் மில்னுக்கு அடிபட்டபோது கண்டி திரித்துவக் கல்லூரிப் பையன் மதீஷ பத்திரனவை அந்த வாசலால்தான் 20 இலட்சத்துக்கு அழைத்தார்கள். ஐ.பி.எல்.லில் அவன் வீசிய முதல் பந்திலேயே சுப்மன் கில் ஆட்டமிழந்தார். அடுத்த வருடம் 19 விக்கெட். 2025க்கு 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள், பிறகு விட்டார்கள், கொல்கத்தா 18 கோடிக்குக் கொண்டுபோனது. 2025இல் குர்ஜப்னீத் சிங்குக்குப் பதில் டெவால்ட் பிரெவிஸ், அதே 2.2 கோடிக்கு. ருதுராஜ் கெய்க்வாடுக்குப் பதில் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே. இருவரையும் அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். பதிலாளாக வந்தவர்கள் அணியின் முதுகெலும்பாகிவிட்டார்கள்.

எல்லாப் பதிலாளுக்கும் அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்து விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 லங்கா பிரீமியர் லீக்கில் தன் முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்யூஸை எடுத்தவர். 2024இல் வனிந்து ஹசரங்கவுக்குக் குதிகாலில் காயம் என்றதும் அவருடைய இடத்துக்கு ஹைதராபாத் அழைத்தது. மூன்று ஆட்டங்கள் ஆடினார். அவர் பந்து வீசிய நாட்களில் பதுளைப் பக்கத்து லயங்களிலும் தொலைக்காட்சி அணையவில்லை.

2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதலால் ஐ.பி.எல். நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியபோது, வீடு திரும்பிய வெளிநாட்டு வீரர்களுக்குப் பதில் ஆள் எடுக்க அணிகளுக்கு இடம் கொடுத்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: அப்படி வருகிறவரை அடுத்த வருடத்துக்குத் தக்கவைக்க முடியாது. எப்படி ஆடினாலும் அவர் மறுபடி ஏலத்துக்குத்தான் போக வேண்டும். அணிகளுக்கிடையே நியாயம் பார்க்க இந்த விதி என்பது புரிகிறது. ஆட்டக்காரன் பக்கம் நின்று பார்த்தால் அதில் ஒரு நன்மையும் உண்டு: பத்திரன போல வெளுத்து வாங்குகிறவன் 20 இலட்சத்திலேயே கட்டுண்டு கிடக்காமல் சந்தை விலைக்குப் போகலாம். ஆனால் ஓரிரு ஆட்டம் மட்டுமே கிடைத்து, திறமை முழுதாகத் தெரியாமல் போகிறவனுக்கு அடுத்த வருடம் கையில் எதுவும் இல்லை. அவனுக்காவது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: அணி விரும்பி, வீரனும் சம்மதித்தால் இன்னொரு பருவகாலம் தொடரலாம், சம்பளத்தை மறுபடி பேசலாம் என்று. அந்த வரியைக் கேட்கத் தெரிந்த ஒருவர் கையொப்பமிடும் நாளில் பையனின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்தில் வன்பந்து ஆடப் பழகுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நாளை அழைப்பு வந்தால் அநேகமாகப் பதிலாளாகத்தான் வரும், அடுத்த நாளே விமானம் ஏறச் சொல்லும் அவசரத்தோடு வரும். எத்தனை ஆட்டத்துக்கு, அடிபட்டால் வைத்தியச் செலவு யாருக்கு, என்னை இன்னோர் அணிக்குக் கொடுக்கும்போது என்னைக் கேட்பீர்களா, வரும் தொகையில் எனக்குப் பங்கு எவ்வளவு என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் அவன் பயணப்பையைக் கட்ட வேண்டும்.