செபராங் பிறை: கரும்பு விளைந்த அக்கரை

பினாங்கின் வரலாறு என்றதும், 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றியதும் ஜார்ஜ் டவுன் துறைமுகம் வளர்ந்ததுமே நம் நினைவுக்கு வருகின்றன. எதிர்க்கரை நிலம் அவ்வரலாற்றின் பின்னிணைப்பாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. செபராங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு அக்கரை என்பது பொருள். தீவில் நின்று நோக்குவோரின் பெயர் அது. ஆயினும், மலாயாத் தமிழரின் தோட்ட வாழ்வு முதன்முதலில் பெருமளவில் வேரூன்றிய மண் அவ்வக்கரையே என்பதை நாம் மறத்தலாகாது.

நிலமும் மக்களும்

1800-ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் லீத் கெடா சுல்தானுடன் செய்த உடன்படிக்கையால் அக்கடலோர நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சுல்தானுக்கு ஆண்டுதோறும் அளிக்கப்பட்ட தொகை 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்ந்தது. இந்தியாவின் தலைமை ஆளுநரான வெல்லெஸ்லி பிரபுவின் பெயர் அந்நிலத்திற்குச் சூட்டப்பெற்றது. தீவுக்கு உணவு வேண்டும்; துறைமுகத்தின் எதிர்க்கரையும் தம்மிடமே இருத்தல் வேண்டும். இவ்விரண்டுமே கம்பெனியின் நோக்கங்கள். 1821-இல் சயாமியர் கெடாவின்மீது படையெடுத்தபோது, ஆயிரக்கணக்கான மலாய் மக்கள் இங்கே அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் உழைப்பால் நெல்வயல்கள் பெருகின.

கரும்பும் தமிழரும்

பத்து காவான் பகுதியில் முதலில் கரும்பு பயிரிட்டோர் தியோச்சூச் சீனர் ஆவர். 1840-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். வெட்டிய கரும்பைக் காலந்தாழ்த்தாது ஆலைக்குக் கொண்டு செல்லாவிடின் சாறு கெடும். ஆதலின், ஆலையின் வேகத்திற்கு ஈடுகொடுத்து உழைக்கும் பெருந்தொகையான ஆட்களை முதலாளிகள் தேடினர். நாகப்பட்டினத்துக் கப்பல்கள் அவர்களைக் கொணர்ந்தன. வழிச்செலவே கடனாயிற்று, கடனே ஒப்பந்தமாயிற்று. தோட்டத்தை விட்டு ஓடியவனுக்குச் சிறை காத்திருந்தது. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டிய கைகளுள் பல, காய்ச்சலால் அம்மண்ணிலேயே ஓய்ந்தன.

ஆட்சி

1826-இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் நீரிணைக் குடியேற்றங்களாக இணைக்கப்பட்டபோது, வெல்லெஸ்லி மாநிலமும் பினாங்கின் பகுதியாக அதனுள் அடங்கிற்று. 1867-இல் அவை இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து, பிரித்தானிய முடியாட்சியின் நேரடிக் குடியேற்றமாயின. அன்றுவரை ஓராட்சிக்குள் இடம்பெயர்ந்த தமிழன், ஒரே நாளில் அயல்நாடு செல்பவன் ஆனான்! அவன் பயணத்தைச் சட்டப்படி ஒப்புவதற்கு 1872-இல் இந்தியாவில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பின்னர்ப் பாதுகாப்புச் சட்டங்களும் வந்தன. ஆனால், அவன் முறையீட்டைக் கேட்க வேண்டிய நீதிமன்றமே, ஒப்பந்தத்தை மீறியதற்காக அவனைத் தண்டிக்கும் மன்றமாகவும் இருந்தது. 1910-இல்தான் ஒப்பந்தக் கூலி முறை முடிவுற்றது. அக்காலத்திலேயே கரும்பு மறைந்து இரப்பர் தழைத்தது.

விடுதலைக்குப் பின்னர் அந்நிலம் செபராங் பிறை என்னும் பெயரால் வழங்கலாயிற்று. 1976-இல் நகராண்மைக் கழகம் அமைந்தது. 2019-இல் மாநகர்த் தகுதி கிட்டியது. 2014-இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் பத்து காவானிலேயே கரையேறுகிறது. கரும்பு விளைந்த அவ்வூரில் இன்று தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன.

முதலாளிகளின் பெயர்கள் ஆட்சியேடுகளில் நிலைத்தன. உழைத்தோர் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நின்றனர். எனினும், மாலக்கோப், வால்டோர், பைராம் முதலிய தோட்டப் பெயர்களை நம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அப்பெயர்ப் பலகைகள் வெறும் முகவரிகள் அல்ல. எழுதப்படாத வரலாற்றின் தலைப்புகள். ஒவ்வொரு மாணவனும் தன் பாட்டன் பாட்டியர் எத்தோட்டத்தில் உழைத்தனர் எனக் கேட்டு எழுதுவானாயின், அத்தலைப்புகளின்கீழ் வரிகள் நிரம்பும். அப்பணியைத் தொடங்கிவைக்க வேண்டியவர்கள் தமிழாசிரியர்களே.