செம்பில் ஏறும் களிம்பு: நேர் வயரிங்கும் ரிலே வயரிங்கும்

பொம்மையார்பாளையத்தில் மீன் ஏற்றும் வண்டிக்குப் பாதி வேலை இருட்டில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி, தெற்கே புதுச்சேரிக்கோ வடக்கே மரக்காணத்துக்கோ திரும்பினால் ஹெட்லைட்தான் கண். அந்தக் கண்ணைக் கடல்காற்று கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துவிடுகிறது. பழைய குட்டியானை வண்டி ஒன்றின் ஹெட்லைட் ஹோல்டருக்குப் பின்னால் சுற்றியிருக்கும் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிரும். அதுதான் களிம்பு. ஆன்மாவை மறைக்கும் ஆணவத்துக்குச் சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட உவமையும் இதே செம்பும் களிம்பும்தான். இந்தக் காற்றில் எந்த வயரிங் தாங்கும்? பழைய வண்டிகளிலும், பிறகு மாட்டிய விளக்குகளிலும் காணும் நேர் வயரிங்கையும் ரிலே வயரிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

நேர் வயரிங்கில் விளக்கு எரியத் தேவையான மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து விளக்குக்கு வருகிறது. எச்4 பல்ப் பிரைட்டில் 60 வாட், டிம்மில் 55 வாட். பிரைட்டில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். 1 சதுர மி.மீ. கம்பியில் இது 5 மீட்டர் சுற்றி வந்தால் வழியிலேயே ஏறக்குறைய 0.9 வோல்ட் குறைந்துவிடும். ஹாலஜன் பல்ப்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாக இறங்கக்கூடியது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். சுவிட்சும் கப்ளரும் களிம்பேறியிருந்தால் இழப்பு இன்னும் கூடும். பல்ப் மாற்றியும் வெளிச்சம் வரவில்லை என்று சலித்துக்கொள்ளும் பல வண்டிகளில் நோய் பல்ப்பில் இல்லை, மின்சாரம் வரும் வழியில் இருக்கிறது.

ரிலே வயரிங் அந்த வழியை இரண்டாகப் பிரிக்கிறது. சுவிட்சிலிருந்து ரிலேயின் 85, 86 என்ற கால்களுக்கு வருவது காயிலை இயக்கப் போதுமான சிறு மின்சாரம். அரை ஆம்பியர்கூட இல்லை. காயில் இயங்கியதும் பேட்டரியிலிருந்து 30-க்கு வந்து 87 வழியாக விளக்குக்குப் போவதுதான் கனத்த மின்சாரம். 2.5 சதுர மி.மீ. கம்பியை இரண்டரை மீட்டர் நேராக இழுத்தால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் அடங்கும். சுவிட்சின் காண்டாக்ட்டும் கருகாது.

பியூஸ் விஷயத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு விளக்குக்கும் ஒரே பியூஸ் வைத்த நேர் வயரிங்கில் ஒரு பக்கம் ஷார்ட் ஆனால் இரண்டும் ஒன்றாக அணையும். ஓடும் வண்டிக்கு முன் திடீரென்று இருட்டு. ரிலேக்குப் பிறகு இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனியாக 10 ஆம்பியர் சிவப்பு பியூஸ் போட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று வீடு சேர்க்கும். பேட்டரி பக்கத்திலேயே ஒரு மெயின் பியூஸும் வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது பல்ப்பை அல்ல, கம்பியை. போன பியூஸில் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுபவர், பியூஸ் உருக வேண்டிய இடத்தில் வயரே எரிய வழிவிடுகிறார்.

நேர் வயரிங்குக்கும் நியாயம் உண்டு. உறுப்புகள் குறைவு, இணைப்புகள் குறைவு. உப்புக் காற்றில் ஒவ்வோர் இணைப்பும் களிம்பு ஏற ஒரு வாசல். மின்சாரம் குறைவாக இழுக்கும் எல்இடி டெயில் லைட்டுக்கு ரிலே தேவையே இல்லை. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும் பின்பக்கத்தில் நல்ல ஸ்லீவ் போட்ட நேர் வயரிங்கே போதும்.

ஆனால் பழுது பார்க்கும்போது ரிலே தானே பேசும். சுவிட்ச் போட்டதும் 'டிக்' சத்தம் வந்து விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் பியூஸ், கனத்த வயர், பல்ப், எர்த் பக்கம். சத்தமே இல்லையென்றால் முதலில் சுவிட்ச் பக்கம் பார்க்கலாம். நடுச்சாலை இருட்டில் இந்த ஓர் அடையாளம் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆகவே ஹாலஜன் ஹெட்லைட்டுக்கு ரிலே வயரிங்தான் என் தேர்வு. அதைக் கடற்கரைக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும், தண்ணீர் வடிந்துவிடும். முறுக்கி டேப் சுற்றுவதை விட்டு, லக் அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். ரிலே இருக்கிறதே என்று 100 வாட் பல்ப்புக்குப் போக வேண்டாம்; எதிரே வருபவரின் கண் கூசினால் நம் வெளிச்சம் அவருக்கு இருட்டு. 60 வாட் பல்ப்புக்கு உரிய வோல்ட்டேஜ் குறையாமல் போய்ச் சேர்ந்தாலே சாலை நன்றாகத் தெரியும்.