இளஞ்சூட்டில் சமைத்த வரலாறு

விருத்தாசலம் என்றவுடன் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அது பீங்கான் தொழில். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்துள்ள களிமண் அண்மையிலேயே கிடைப்பது அத்தொழிலுக்குப் பெருந்துணை. சூளை திறக்கும் நாளில் அங்கு நிற்பவர் ஒன்றை அறிவார்: நெருப்பு அணைந்து நெடுநேரமான பின்பும் மண் தன் சூட்டை எளிதில் விடுவதில்லை. மாணவ நண்பர்களே, மண்ணின் இந்தப் பிடிவாதமே இன்றைய உரையின் பொருள்.

அடுப்பருகே நில்லாமல் சமைப்பது எங்ஙனம் என்பது பழைய வினா. பால் சட்டியை வறட்டித் தணலில் ஏற்றிவிட்டு வயலுக்குச் சென்ற நம் பாட்டிமார் அதற்கு விடை கண்டவர்களே. ஆயினும் அவர்கள் பெயரை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

பெயர் குறிக்கப்பெற்றவருள் ஒருவர் வங்காளத்து மருத்துவர் இந்துமாதவ மல்லிக். 1910-ஆம் ஆண்டில் அவர் 'இக்மிக் குக்கர்' என்னும் கலத்தை அமைத்தார். உயர்ந்த உருளையின் அடியில் கரி நெருப்பு. மேலே அடுக்குகளில் அரிசி, பருப்பு, காய்கறி. காலையில் மூட்டிவிட்டு வெளியே சென்றவர் திரும்பும்போது ஆவியில் வெந்த உணவு காத்திருக்கும். சமையல் பெண்டிர்க்கே உரியது என்று எண்ணி வளர்ந்து, விடுதி அறைகளில் தனித்து வாழ நேர்ந்த ஆடவர்க்கு அது எத்துணைப் பேருதவி! தமிழ்நாட்டிலும் 'ருக்மணி குக்கர்' என்னும் அடுக்குக் கலம் வழக்கில் இருந்தது.

மின்சாரம் பின்னர் வந்தது. சிகாகோவில் வாழ்ந்த பொறியாளர் இர்விங் நாக்சன் தம் அன்னை கூறிய செய்தியொன்றைக் கேட்டிருந்தார். லித்துவேனியாவில் யூத மக்கள் ஓய்வுநாளில் தீ மூட்டமாட்டார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே இறைச்சியும் அவரையும் இட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிடுவர். அடுப்பில் எஞ்சிய சூட்டிலேயே இரவு முழுதும் அது வேகும். இதனை மின்கலமாக்கி 1940-இல் காப்புரிமை பெற்றார் நாக்சன். 1971-இல் அக்கலம் 'கிராக் பாட்' என்ற பெயருடன் அமெரிக்கச் சந்தையில் புகழ் பெற்றது. அதன் உள்ளே இருந்ததும் சுட்ட மண் பாத்திரமே!

இதில் சமைக்கக் கற்பது கடினமன்று. ஒரு குவளை அரிசிக்கு அரைக் குவளை பாசிப்பருப்பும் ஆறு குவளை நீரும் சேர்த்து, மிகுசூட்டில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் விட்டால் குழைந்த பொங்கல் கிட்டும். இடையே மூடியைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்குதல் வேண்டும். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பச் சிறிது நேரமாகும். சிவப்பு ராஜ்மாவை மட்டும் நேரே இடலாகாது. அதனை ஊறவைத்து, அந்நீரை இறுத்து, புதுநீரில் பத்து நிமிடமேனும் தனியே நன்கு கொதிக்கவைத்த பின்னரே சேர்க்க வேண்டும். இல்லையேல் அதிலுள்ள நச்சுப் பொருள் இளஞ்சூட்டில் அழியாது நின்று வயிற்றைக் கெடுக்கும்.

சூடான பாத்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும். விருத்தாசலத்துச் சூளைக்காரர் உள்ளே கலங்கள் ஆறுமுன் கதவைத் திறவாததும் இக்காரணம் பற்றியே.