கூலி மறுத்த ஊழியம்: கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனும் தேவ ஆளுகையும்

‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்ற பேச்சு தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் நேர் எதிரான இரண்டு பொருள்களில் வழங்குகிறது. பாடுபட்டு முடித்தவர் மனப்பாரத்தை இறக்கும்போது அதைச் சொல்கிறார். எதையும் தொடங்காதவரும் தட்டிக்கழிக்க அதையே சொல்கிறார். தேவனுடைய ஆளுகைக்கும் மனித முயற்சிக்கும் எல்லை எது என்ற இறையியல் வழக்கைப் பொதுவில் வைத்து வாதாடி யாரும் தீர்ப்புப் பெற்றதாகத் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே, மகாராஜபுரமும் வத்திராயிருப்பும் இருக்கிற மலையடிவார வட்டாரத்தில் ஒரு மனிதர் வாழ்ந்துகாட்டிய விதத்தை வைத்து அதைப் பார்க்கலாம்.

ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் படித்தவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நோரிஸ் க்ரோவ்ஸோடு சேர்ந்தார். இங்கிலாந்தின் எக்ஸிடரில் பல் மருத்துவராக இருந்த க்ரோவ்ஸ், மிஷன் சங்கத்தின் சம்பளத்தை நம்பாமல் தேவனை நம்பி ஊழியம் செய்யவேண்டும் என்று 1820களிலேயே முடிவுசெய்தவர். பிரிஸ்டல் அநாதை இல்லங்களால் பெயர்பெற்ற ஜார்ஜ் முல்லர் அவருடைய தங்கை கணவர். அந்த க்ரோவ்ஸ் தரப்பு நிலையான ஊதியம் தர முன்வந்தபோது அருளப்பன் மறுத்துவிட்டார். கூலிக்குப் பிரசங்கிக்கிறான் என்று ஊர்ச்சனம் சொல்லும் என்பது அவர் சொன்ன காரணம்.

இந்தக் காரணத்தைக் கவனிக்கவேண்டும். பிற்கால விசுவாச ஊழியப் பிரசங்கங்களில் அவர் சம்பளம் மறுத்ததை ‘முழுக்க தேவனையே சார்ந்திருந்தார்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னதோ கேட்பவர்களைப் பற்றியது. சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) சபைகளில் உபதேசியார் என்றால் துரை கையில் மாதச் சம்பளம் வாங்குபவர் என்று ஊர் அறியும். வெள்ளைக்காரச் சம்பளத்தில் சொன்ன சொல்லுக்குக் கிராமத்தில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? நம்பிக்கையின் பெயரால் அவர் உதறியது எசமானின் பிடியை. உழைப்பை அவர் உதறவில்லை.

1840களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய கிறிஸ்தியான்பேட்டை இதற்குச் சான்று. நிலம் வாங்கிப் பயிர்செய்து பிழைக்கும் கிறிஸ்தவக் குடியிருப்பு அது. அங்கிருந்துதான் சுற்றுக் கிராமங்களுக்குப் பிரசங்கிக்கப் போனார்கள். அக்காலத்தில் இப்பகுதியில் கிணற்றுப் பாசனம் என்றால் கமலைதான். இரண்டு மாடுகள் சரிவான பாதையில் இறங்கினால் தோல் வாலோடு சால் மேலே வரும். வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியதும் மாடுகளைப் பின்னுக்கு நடத்தவேண்டும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை இதே வேலை. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கிணற்றில் ஊற்று இல்லை; எத்தனை சால் போட்டாலும் சேறுதான் வரும். மழை பெய்தும் கமலை கட்டாதவன் வயல் காயும். இந்த மண்ணில் உழுபவனிடம் போய், விளைச்சலில் கடவுள் பங்கு எத்தனை வீதம், உன் பங்கு எத்தனை வீதம் என்று கேட்டால் அவன் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பான். பிலிப்பியர் நிருபம் இரண்டாம் அதிகாரம் 12, 13 வசனங்களில் பவுலும் அப்படிப் பங்கு பிரிப்பதில்லை. தேவன் உள்ளே செயலாற்றுவதையே விசுவாசி உழைப்பதற்குக் காரணமாக்குகிறார்.

இந்த வழக்கு பழையது. ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் துறவிகள் சிலர், விதைக்காமல் அறுக்காமல் வாழும் பறவைகளைக் காட்டி வேலைசெய்ய மறுத்தார்கள். அகுஸ்தீன் அவர்களை மறுத்து ஒரு நூலே எழுதினார். பறவைகள் நாளைக்கென்று சேமிப்பதில்லையே, நீங்கள் மட்டும் களஞ்சியம் வைத்திருப்பது எப்படி என்ற அவருடைய கிண்டலுக்கு இன்றும் பதில் இல்லை. கிருபையை அவரளவுக்கு வலியுறுத்தியவர் மேற்குத் திருச்சபையில் அரிது. கைவேலையை இவ்வளவு வற்புறுத்தியவரும் அவரே.

அருளப்பன் தரப்பிலும் ஒரு நெருடல் உண்டு. சம்பளம் வாங்கவில்லை, ஆனால் இங்கிலாந்துக்கு எழுதினார், அந்தக் கடிதங்கள் அங்கே அச்சாயின, காணிக்கைகளும் வந்தன. முல்லரும் யாரிடமும் கேட்காதவர்தான். ஆண்டறிக்கையை மட்டும் தவறாமல் அச்சிட்டு அனுப்பினார். இதை வேஷம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பெற்றதற்குக் கணக்குச் சொல்வதும் மனிதன் செய்யவேண்டியதுதான். ஜெப அட்டையின் அடியில் வங்கிக் கணக்கு எண்ணை அச்சடிக்கும் இன்றைய வழக்கம் வேறு வகை.

சி.எம்.எஸ். ஊழியரான ராக்லண்டை அருளப்பனுக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்துவதும் சரியாகாது. கேம்பிரிட்ஜ் பட்டதாரியான அவர் 1854இல் வடதிருநெல்வேலியில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றும் பணியைத் தொடங்கி, 1858இல் சிவகாசியில் இறந்தார். தென்பகுதிச் சபைகள் தம் செலவில் உபதேசியார்களை முறைவைத்து அவரிடம் அனுப்பின. சங்கத்தின் ஊழியராக இருந்ததால் அவருடைய நம்பிக்கை குறைந்துபோகவில்லை. பணம் எந்த வழியாக வருகிறது என்பது விசுவாசத்தின் அளவுகோல் ஆகாது. ஊழியர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே கேள்வி.

1860இல் அருளப்பனின் கூட்டங்களில் எழுப்புதல் வெடித்தது. அயர்லாந்தின் அல்ஸ்டர் எழுப்புதல் செய்தி அவருக்கு எட்டியிருந்தது. அப்படி ஒன்று இங்கும் வர அவர் ஜெபித்துக்கொண்டும் இருந்தார். ஆனால் எழுப்புதலுக்கு நாள் குறிக்கவோ, அதில் கண்ட அழுகையையும் நடுக்கத்தையும் வரவழைக்கவோ அவரால் ஆகாது. அதன்பின் நடந்ததுதான் முக்கியம். சாதாரண விசுவாசிகள் பையும் பணமும் இல்லாமல், யாரும் அனுப்பாமல், ஊர்களுக்குப் பிரசங்கிக்கப் புறப்பட்டார்கள். சுதேசச் சபை தன் சொந்த முயற்சியிலேயே வளரத் தொடங்கியதை சி.எம்.எஸ். வட்டாரமே வியந்து பதிவுசெய்தது. தேவ சித்தத்தால் வந்தது என்று பலரும் ஒப்புக்கொண்ட ஒன்று, ஏறத்தாழ இருபது ஆண்டு சம்பளமில்லாமல் ஊழியம் நடந்த ஊரிலிருந்து கிளம்பியது.